கோடிங் ஸ்டைல் விதிகள்: எதற்குக் கட்டுப்பட வேண்டும், எதை எப்போது விடலாம்?

புதிதாக ஒரு டீமில் சேர்ந்தவர்கள், முதல் முறை ரிவ்யூவில் (சக நிரலாளர் நிரலைச் சரிபார்ப்பதில்) அடி வாங்கியவர்கள், பத்து வருடப் பழைய நிரலை மடியில் வாங்கிக்கொண்டவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நேரடியான பதில் இருக்கிறது. சிலவற்றில் என் சொந்தச் சாய்வும் கலந்திருக்கும்.

ஸ்டைல் என்று எதைச் சொல்கிறோம்?

நிரல் செய்யும் வேலையைத் தொடாமல், அது கண்ணுக்குத் தெரியும் விதத்தை மட்டும் மாற்றுவதெல்லாம் ஸ்டைல்தான். இன்டென்டேஷனுக்கு (வரியை உள்ளே தள்ளி எழுதுவதற்கு) எத்தனை ஸ்பேஸ், பிரேஸை (நெளி அடைப்புக்குறியை) எந்த வரியில் திறப்பது, மாறிக்கு (வேரியபிளுக்கு) எப்படிப் பெயர் வைப்பது, ஒரு வரி எவ்வளவு நீளலாம், இம்போர்ட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது போன்றவை.

ஆனால் இந்த எல்லைக்கோடு மொழிக்கு மொழி நகரும். சி மொழியில் இன்டென்டேஷன் கம்பைலருக்கு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு) பொருட்டே இல்லை, பைத்தானில் அதுதான் இலக்கணம். நிரலைக் கட்டமைக்கும் கட்டளைகளை எழுதும் மேக்ஃபைலில் கட்டளை வரி டேபில் தொடங்காவிட்டால் வழக்கமாக ஓடாது. கோ மொழியில் 'இஃப்' வரியின் பிரேஸை அடுத்த வரிக்குத் தள்ளினால் கம்பைலர் ஏற்காது, ஏனென்றால் அந்த மொழி வரி முடிவில் தானாகவே அரைப்புள்ளியைச் செருகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம். 'ரிட்டர்ன்' என்று எழுதிவிட்டு மதிப்பை அடுத்த வரியில் வைத்தால், பிழை எதுவும் காட்டாமல் 'அன்டிஃபைன்ட்' என்று கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆகவே ஒரு விதியைப் பற்றி வாதாடும் முன், அது ஸ்டைல்தானா, மொழியின் சட்டமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டருக்கு எப்படி எழுதினாலும் ஒன்றுதானே? அப்புறம் ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். வாசிக்கிற மனிதருக்கு ஒன்றில்லை. பைத்தானின் ஸ்டைல் கையேடான பெப் 8, 2001இல் எழுதப்பட்டது. நிரல் எழுதப்படுவதைவிடப் பல மடங்கு அதிகமாக வாசிக்கப்படுகிறது என்ற, பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமின் கருத்தின் மேல்தான் அது நிற்கிறது.

கண் நம்மை ஏமாற்றும் என்பதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பில் எதிர்ப்பக்கத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சி நிரலில், 'கோட்டூ ஃபெயில்' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. மேலே இருந்த 'இஃப்'-க்குப் பிரேஸ் இல்லை. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால், இரண்டுமே அந்த 'இஃப்'-க்குள் இருப்பது போலத் தெரிந்தது. உண்மையில் முதல் வரிதான் நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எப்போதும் ஓடும். விளைவு, அதற்குக் கீழே இருந்த சரிபார்ப்பு நடக்கவே இல்லை.

'எப்போதும் பிரேஸ் போடு' என்ற விதி அங்கே இருந்திருந்தால், இரண்டாவது வரி பெரும்பாலும் பிரேஸுக்குள்ளேயே விழுந்து ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும். பிரேஸ் மட்டும்தான் மருந்து என்று சொல்ல மாட்டேன். ஓடவே வாய்ப்பில்லாத வரிகளைக் காட்டும் எச்சரிக்கையோ ஒரு நல்ல டெஸ்டோ கூட இதைப் பிடித்திருக்கும். 2016இல் வந்த சி கம்பைலரான ஜிசிசி 6, இப்படிக் கண்ணை ஏமாற்றும் இன்டென்டேஷனுக்கென்றே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தது.

ஆளுக்கொரு கையேடு வைத்திருக்கிறார்கள். நான் எதைப் பின்பற்றுவது?

நான் பார்க்கும் வரிசை இதுதான். முதலில் கையில் இருக்கும் கோப்பு. அடுத்து அந்த புராஜெக்ட். அதற்கும் அப்புறம்தான் அந்த மொழியின் பொது வழக்கம். என் சொந்த ரசனைக்கு இந்த மூன்றும் போக மிச்சம் இருக்கும் இடம்தான்.

'கையேட்டில் இப்படி இருக்கிறதே, இந்தக் கோப்பு ஏன் வேறு மாதிரி இருக்கிறது' என்று கோபப்படுபவர்கள் பைத்தானின் சொந்த நூலகத்தைத் திறந்து பார்க்கலாம். ஃபங்ஷன் பெயர்களைச் சின்ன எழுத்தில், அடிக்கோடு போட்டுப் பிரித்து எழுதச் சொல்கிறது பெப் 8. ஆனால் 'யூனிட்டெஸ்ட்' மாட்யூலில் செட்அப், அசெர்ட்ஈக்வல் எல்லாம் இன்றும் நடுவில் பெரிய எழுத்தோடுதான் இருக்கின்றன. 'லாகிங்' மாட்யூலின் கெட்லாகரும் அப்படித்தான். விதி வேரூன்றும் முன்பே வந்தவை அவை. மாற்றினால் உலகம் முழுக்க உள்ள நிரல்கள் உடையும் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள். விதியை எழுதியவர்களே தங்கள் வீட்டில் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதில் தப்பும் இல்லை.

அதனால் 'யூனிட்டெஸ்ட்'டின் கிளாஸை நீட்டித்து எழுதும்போது, உங்கள் உதவி ஃபங்ஷன்களுக்கு அதே பாணியில் பெயர் வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

டேபா, ஸ்பேஸா?

இந்தக் கேள்வி இல்லாமல் இந்தப் பக்கம் முடியாது என்று தெரியும். லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) டேப், அதுவும் எட்டு எழுத்து அகலம். பெப் 8-இல் நான்கு ஸ்பேஸ். கூகுளின் ஜாவா கையேட்டில் இரண்டு ஸ்பேஸ். கோ மொழியில் டேப். எல்லாமே வெற்றிகரமாக ஓடும் நிரல்கள்தான். இந்த ஒரு தகவலே சண்டையை முடித்துவைத்திருக்க வேண்டும், முடிக்கவில்லை.

கெர்னலின் எட்டுக்கு ஒரு காரணம் உண்டு. மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனால் வரி திரையின் வலது ஓரத்தை முட்டும். ஃபங்ஷனைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது என்று அந்த நெருக்கடியே சொல்லிவிடும். டேபுக்கு ஆதரவாக இன்னொரு வாதமும் இருக்கிறது, அதை நான் வெகு தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கும்போதும், பிரெய்ல் திரையில் தடவி வாசிக்கும்போதும், டேபின் அகலத்தைத் தங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ள முடியும். ஸ்பேஸில் அது முடியாது. உங்கள் டீமில் அப்படி ஒருவர் இருந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது.

மற்றபடி எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கலக்காதீர்கள். பைத்தான் 3 இரண்டையும் தாறுமாறாகக் கலந்தால் ஓட மறுத்துவிடும்.

வரிக்கு 80 எழுத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? இன்றைய அகலமான திரைக்கும் அது பொருந்துமா?

ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள், பத்திக்கு ஓர் எழுத்து. பின்னால் வந்த டெர்மினல்களும் அதே அகலத்தைப் பிடித்துக்கொண்டன. பழைய ஃபோர்ட்ரானில் 7 முதல் 72 வரையிலான பத்திகளில்தான் கட்டளை எழுத முடியும். 73 முதல் 80 வரை அட்டையின் வரிசை எண்ணுக்கு. அட்டைக்கட்டு கையிலிருந்து நழுவிச் சிதறினால் மறுபடி அடுக்குவதற்கு அந்த எண் வேண்டுமே!

அட்டைகள் போய்விட்டன, எண் நின்றுவிட்டது. பெப் 8 இன்றும் 79 என்கிறது, கமென்ட்டுகளுக்கு 72. ஆனால் டீம் ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம் என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறது. நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவியான ஃபார்மேட்டர்களில், பைத்தானுக்கான பிளாக்கின் இயல்பான அளவு 88. கூகுளின் ஜாவா கையேட்டில் 100. 2020இல், லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், வரிகளை 80-க்குள் திணித்து உடைப்பதே வாசிப்பைக் கெடுக்கிறது என்று வாதிட்டார். அதையொட்டி, கெர்னலின் சோதனைக் கருவி எச்சரிக்கும் எல்லை 100-ஆக உயர்ந்தது. ஆவணம் மட்டும் 80-ஐத்தான் விரும்பத்தக்கது என்று இன்னமும் சொல்கிறது.

திரை அகலமானது உண்மைதான். அந்த அகலத்தில் நாம் ஒரே ஒரு கோப்பையா வைத்திருக்கிறோம்? மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்று இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரிவ்யூ செய்யும்போது 140 எழுத்து வரி நிச்சயம் எரிச்சலூட்டும். என் தேர்வு 100. நீளமான இணைய முகவரி, பிழைச் செய்தி போன்றவற்றை உடைக்காமல் அப்படியே விடுவேன். பிழைச் செய்தியை இரண்டாக வெட்டி எழுதினால், நாளை யாராவது அதை நிரலுக்குள் தேடும்போது கிடைக்காது.

பெயர் வைப்பதில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஸ்டைலில் உண்மையிலேயே மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பேன். ஸ்பேஸையும் பிரேஸையும் கருவி பார்த்துக்கொள்ளும். 'தகவல்', 'தற்காலிகம்', 'தகவல்2' என்று மாறிகளுக்குப் பெயர் வைத்திருந்தால் எந்தக் கருவியாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. ஒன்று வடிவம். சொற்களை அடிக்கோட்டால் பிரிப்பதா, நடுவில் பெரிய எழுத்து வைப்பதா என்பது. இதில் மொழியின் வழக்கத்தை அப்படியே பின்பற்றிவிடுங்கள், வாதமே வேண்டாம். ரஸ்ட் மொழியில் ஃபங்ஷன் பெயரை வேறு மாதிரி எழுதினால் கம்பைலரே எச்சரிக்கும். கோ மொழியில் முதல் எழுத்து பெரியதாக இருந்தால்தான் அந்தப் பெயர் பேக்கேஜுக்கு வெளியே தெரியும். அங்கே வடிவமே அர்த்தம்.

இன்னொன்று பொருள். இங்கேதான் பழைய விதிகள் பல செத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த சார்லஸ் சிமோனியின் ஹங்கேரியன் முறை ஒரு நல்ல பாடம். மாறியின் பெயருக்கு முன்னால் அதன் வகையைக் குறிக்கும் சில எழுத்துகளைச் சேர்ப்பது அந்த முறை. சிமோனி 'வகை' என்று நினைத்தது மாறியின் பயன்பாட்டை. இது நிரை எண், இது பத்தி எண், இரண்டையும் கூட்டாதே என்ற ரீதியில். வழியில் எங்கேயோ அது திரிந்து, இன்டிஜரா, ஸ்ட்ரிங்கா என்று கம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தையே பெயரிலும் ஒட்டும் பழக்கமாகிவிட்டது. மாறியின் வகையை மாற்றினால் பெயர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். பின்னாளில் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் கையேடே இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

சிமோனியின் முதல் யோசனையில் இருந்த சாரம் மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. கம்பைலருக்குத் தெரியாததைப் பெயர் சொல்ல வேண்டும். 'காத்திருப்பு' என்பதைவிடக் 'காத்திருப்பு_நொடி' மேல். 'தூரம்' என்பதைவிடத் 'தூரம்_மீட்டர்' மேல். 1999இல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததற்குக் காரணம் அலகுக் குழப்பம். தரையில் இருந்த ஒரு மென்பொருள் பவுண்டு-விசை-நொடியில் எண்களைக் கொடுத்தது, வழிகாட்டும் பக்கம் அதை நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. பெயரில் அலகைச் சேர்த்திருந்தால் மட்டும் விண்கலம் பிழைத்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் நேரம், தூரம், பணம் தொடர்பான மாறிகளில் அலகு இல்லாமல் பெயர் வந்தால் ரிவ்யூவில் நான் விடுவதில்லை.

சின்னப் பெயர்கள் பாவமில்லை. மூன்று வரி லூப்பில் ஓர் எழுத்துப் பெயர் போதும். பெயர் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறதோ அவ்வளவு நீளமாக இருக்கட்டும்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

மேலே உள்ள உதாரணங்களைப் பார்த்தே பலருக்கு இது தோன்றியிருக்கும். பைத்தான் 3-இல் தாராளமாக வைக்கலாம், ஓடும். 'மொத்த_விலை' சரியான மாறிப் பெயர்தான். கோ மொழியில் பெரும்பாலும் முடியாது. பெயருக்குள் 'எழுத்து' என்று யூனிகோடு வகைப்படுத்தியவற்றையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே அது ஏற்கும். நம் புள்ளியும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் அந்த வகையில் வராது, ஆகவே 'விலை' என்ற பெயரே செல்லாது. குறியே இல்லாத 'பட' போன்ற பெயர் தேறினாலும், தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் பேக்கேஜுக்கு வெளியே அதை அனுப்ப வழியில்லை.

சொல்லிக்கொடுக்கவும் சொந்தப் பரிசோதனைக்கும் தமிழ்ப் பெயர்கள் அருமை. பலர் சேர்ந்து எழுதும் நிரலில் யார் வாசிப்பார்கள் என்பதைப் பாருங்கள். உங்கள் மொழி தெரியாதவர்கள் வாசிக்கவே மாட்டார்கள் என்று 120 சதவீதம் உறுதியாக இருந்தால் ஒழிய, கமென்ட்டை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்கிறது பெப் 8. தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதி வைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே சொல்லை நான்கு பேர் நான்கு விதமாக எழுத்துக்கூட்டுவார்கள், தேடினால் பாதிதான் கிடைக்கும்.

ஃபார்மேட்டர் இருக்கும்போது இதையெல்லாம் நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

பாதிக்கு மேல் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, நல்ல விஷயம்தான். கோ மொழி 2009இல் வெளிவந்தபோதே ஃபார்மேட்டரையும் கூடவே கொண்டுவந்தது. அதன் ஸ்டைல் யாருக்கும் முதல் விருப்பமில்லை, ஆனால் அந்தக் கருவி எல்லோருக்கும் விருப்பம் என்ற அர்த்தத்தில், கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் சொன்னது அந்த வட்டாரத்தில் பழமொழியாகவே ஆகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் பிரிட்டியர், பைத்தானுக்குப் பிளாக், ரஸ்ட்டுக்கு அதன் சொந்தக் கருவி. கோப்பைச் சேமிக்கும்போதே ஓடும்படி வைத்துவிடுங்கள். கமிட் செய்யும்போதும் (மாற்றத்தை நிரலின் வரலாற்றில் பதியும்போதும்) சர்வரிலும் ஒருமுறை சரிபார்க்கட்டும்.

ஃபார்மேட்டர் ஸ்பேஸை அடுக்கும். பெயரையோ, 200 வரிக்கு நீளும் ஃபங்ஷனையோ, பொய்யாகிப்போன கமென்ட்டையோ தொடாது.

பழைய நிரல் கன்னாபின்னா என்று இருக்கிறது. மொத்தமாகச் சீர் செய்துவிடவா?

செய்யலாம், ஆனால் வேறு எந்த மாற்றத்தோடும் கலக்காமல்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கோப்பில் இரண்டே வரித் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. என் எடிட்டர் சேமிக்கும்போதே ஃபார்மேட் செய்யும். நான் அதை நிறுத்தவில்லை. ரிவ்யூவுக்குப் போனபோது மாறியதாகக் காட்டிய வரிகள் ஆயிரத்து நானூறு. பார்த்தவர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு 'சரி' என்று அனுப்பினார். அந்த இரண்டு வரியில் ஒன்றில் ஒப்பீட்டுக் குறியை நான் தலைகீழாகப் போட்டிருந்தேன். மூன்று நாள் கழித்து வாடிக்கையாளர் கண்டுபிடித்தார். அந்த ரிவ்யூவரை நான் குறை சொல்ல மாட்டேன். வைக்கோல் போரில் ஊசியைப் போட்டுக் கொடுத்தது நான்தான்.

ஃபார்மேட்டிங்கை மட்டும் தனிக் கமிட்டாகப் போடுங்கள், அதில் நிரல் செய்யும் வேலை துளிகூட மாறக் கூடாது. அப்படிச் செய்தாலும் இன்னொரு தொல்லை வரும். 'இந்த வரியை யார், ஏன் எழுதினார்' என்று, நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட்டின் பிளேம் கட்டளையில் பார்த்தால் எல்லா வரிக்கும் ஃபார்மேட் செய்தவர் பெயரே வரும். 2019இல் வந்த கிட் 2.23-லிருந்து இதற்கு வழி இருக்கிறது. ஒதுக்க வேண்டிய கமிட்டுகளின் எண்களை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், பிளேம் அவற்றைத் தாண்டி உண்மையான ஆளைக் காட்டும்.

முடியாமல் கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகள் (சேர்ப்பதற்காக அனுப்பிய மாற்றங்கள்) நிறைய இருக்கும் வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். எல்லோருக்கும் மெர்ஜ் மோதல் வரும், திட்டு உங்களுக்கு வரும். இன்னும் ஒன்று, யாரும் தொடாத, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அழகுக்காகத் தொடாதீர்கள்.

விதியை எப்போது மீறலாம்?

விதி எதற்காக வந்ததோ அந்தக் காரியத்தையே அது கெடுக்கும்போது. 4-க்கு 4 அணி ஒன்றின் எண்களை நிரை நிரையாக அடுக்கி எழுதினால் கண்ணுக்கு உடனே புரியும். ஃபார்மேட்டர் அதைக் குலைத்து வரிக்கு ஒன்றாக 16 வரியில் கொட்டும். அந்த இடத்துக்கு மட்டும் ஃபார்மேட்டரை நிறுத்துவது முழுக்க நியாயம். பல கருவிகளில் அதற்கென்று ஒரு கமென்ட் உண்டு. பெப் 8-உம் இப்படிச் சில சமயங்களைப் பட்டியலிடுகிறது. விதியால் வாசிப்பு கெட்டால், சுற்றியுள்ள நிரல் வேறு ஸ்டைலில் இருந்தால், பழைய பைத்தான் பதிப்பிலும் ஓட வேண்டியிருந்தால் விதியை விட்டுவிடலாம். விதிக்காக நிரலின் பழைய பயனர்களை உடைக்காதே என்றும் தனியாகச் சொல்கிறது.

கறாரான துறைகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்ப்பது சுவாரசியம். கார்களுக்குள் ஓடும் சி நிரலுக்காக 1998இல் முதலில் வந்த மிஸ்ரா விதிகள் கடுமையானவை. ஆனால் அங்கேயும் விலகலுக்கு முறையான வழி இருக்கிறது. எந்த விதி, எந்த இடம், ஏன், அதனால் என்ன ஆபத்து என்று எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். 2012 பதிப்பில் கட்டாயம் என்று தனியாகக் குறித்த சில விதிகளுக்கு மட்டும் அந்தச் சலுகையும் கிடையாது.

நம் அன்றாட வேலைக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு வரிக் கமென்ட் போதும். மீறியதற்கான காரணத்தை அந்த ஒரு வரியில் சொல்ல வரவில்லை என்றால், அது அநேகமாக ரசனை. எச்சரிக்கையை அடக்கும்போதும் அந்த ஒரு வரிக்கு மட்டும் அடக்குங்கள். கோப்பு முழுக்க லிண்டரை (விதி மீறலைச் சுட்டிக்காட்டும் கருவியை) வாயடைக்க வைத்தால், அடுத்து வருபவரின் உண்மையான பிழையும் சத்தமில்லாமல் போய்விடும்.

ரிவ்யூவில் ஒருவர் ஸ்டைலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். என்ன செய்வது?

அவர் சொல்வது எழுதப்பட்ட விதியா என்று கேளுங்கள். எழுதப்பட்டதென்றால் திருத்திவிட்டு நகருங்கள், ஒரு நிமிட வேலை. எழுதப்படவில்லை என்றால், 'இதை விதியாக்கி லிண்டரில் சேர்க்கலாமா' என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் விஷயம் அங்கேயே அடங்கிவிடும், மீதி நேரம் நல்ல விதி ஒன்று கிடைக்கும். ஒரே கருத்தை மூன்றாவது முறை கையால் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால், நீங்கள் கருவியின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் 'இந்தப் பெயர் எனக்குப் புரியவில்லை' என்று ஒருவர் சொன்னால் அதை ஸ்டைல் புகார் என்று தள்ளாதீர்கள். புரியவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

நான் ஒருவனாகத்தான் எழுதுகிறேன். எனக்குமா?

ஆறு மாதம் கழித்து வாசிக்கப்போகும் நீங்கள் வேறு ஆள். ஃபார்மேட்டரைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள், பெயரில் மட்டும் கவனம் வையுங்கள். ஒரு முறை ஓடித் தூக்கியெறியப் போகும் நிரலென்றால் இஷ்டம் போல எழுதுங்கள். (தூக்கியெறிவேன் என்று சொன்ன நிரல்களில் எத்தனை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நான் எண்ணிப் பார்ப்பதில்லை.)

ஏஐ எழுதித்தரும் நிரலுக்கும் இதே விதிகளா?

ஆமாம், அதே விதிகள்தான். அது பொதுவழக்கத்தைப் பின்பற்றி எழுதும், உங்கள் புராஜெக்ட்டின் தனி வழக்கம் அதற்குத் தானாகத் தெரியாது. கையேட்டை அதன் கண்ணில் படும்படி வையுங்கள், வந்ததை ஃபார்மேட்டர், லிண்டர் வழியாக விடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மேல் அந்த வரியையே திரும்பச் சொல்லும் கமென்ட்டுகளை அழித்துவிடுங்கள்.

கோப்பின் கடைசியில் ஒரு புதுவரி வேண்டும் என்று லிண்டர் அடம்பிடிக்கிறதே, எதற்கு?

யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரமான போசிக்ஸின் வரையறைப்படி ஒரு வரி என்பது புதுவரிக் குறியோடு முடிவது. அந்தக் குறி இல்லாமல் முடிந்தால் கடைசி வரி முழுமை பெறாத வரி. கோப்பின் முடிவில் நாளை ஒருவர் புதிதாக ஒரு வரி சேர்த்தால், அவர் தொடாத முந்தைய வரியும் மாறியதாக டிஃபில் (மாற்றப் பட்டியலில்) வரும். இரண்டு கோப்புகளை ஒட்டினால், ஒன்றின் கடைசி வரியும் அடுத்ததன் முதல் வரியும் ஒரே வரியாகிவிடும். எடிட்டரில் இதற்கு ஓர் அமைப்பு இருக்கும், இயக்கிவிட்டால் போதும்.